தும்பிக்கையைப் பிடித்து இழுத்தாலும் தாங்கும் துணி யானை: முதல்முறை தைப்பவர்களுக்கு

துணி யானையைக் கையில் வாங்கும் குழந்தை அதைத் தும்பிக்கையைப் பிடித்துத்தான் தூக்கும். அப்புறம் காதைக் கடிக்கும். வாலைப் பிடித்து வீடு முழுக்கத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போகும். இரண்டு வயதுப் பிள்ளை பிரியம் காட்டுவது அப்படித்தான். அதனால் இந்தக் கட்டுரையில் எந்தத் துணி, எந்தத் தையல், எவ்வளவு பஞ்சு என்று நான் சொல்வதெல்லாம் அந்தப் பிடியை மனதில் வைத்துச் சொல்வதுதான். அழகு தானாக வரும். உறுதிக்குத்தான் நாம் மெனக்கெட வேண்டும்.

என் அக்கா மகளுக்கு நான் முதலில் தைத்த யானை, அம்மாவைப் பெற்ற அம்மிச்சியின் பழைய சுங்குடிச் சேலையில் ஆனது. துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகியிருந்த துணி. தொட்டால் அம்மிச்சி மடியில் படுத்த ஞாபகம் வரும். அதற்காகவே அதை எடுத்தேன். மூன்றாம் நாள் காலையில் பிள்ளை யானையைத் தூக்கிக்கொண்டு அழுதபடி வந்தாள். "சித்தி, யானைக்கு வயிறு பிஞ்சு போச்சு." வாங்கிப் பார்த்தேன். தையல் அப்படியே இருந்தது. தையலை ஒட்டி இருந்த துணிதான் இழை இழையாகப் பிரிந்து, உள்ளேயிருந்து பஞ்சு எட்டிப் பார்த்தது. நைந்த துணியில் எவ்வளவு கெட்டியாகத் தைத்தாலும் பலனில்லை என்று அன்றைக்குத்தான் புரிந்தது. அந்தச் சேலையை வீணாக்காமல் பயன்படுத்த ஒரு வழி இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

ஏன் யானை என்றால், புதிதாகத் தைப்பவருக்கு அதைவிடச் சுலபமான மிருகம் இல்லை. கால்கள் தடி. கழுத்து என்று தனியாக ஒன்று கிடையாது. முயலுக்கும் நாய்க்கும் முகத்தில் ஒரு நூல் விலகினாலும் முகபாவம் மாறிவிடும். யானைக்குத் தும்பிக்கையும் காதும் இருந்தால் போதும், பார்க்கிற குழந்தை "யானை" என்று சொல்லிவிடும். ஜெர்மனியில் கீங்கன் என்ற ஊரில் மார்கரெட்டெ ஸ்டைஃப் என்ற தையல்காரப் பெண்மணி 1880இல் ஃபெல்ட் என்ற கம்பளித் துணியில் ஒரு குட்டி யானை தைத்தார். குண்டூசி குத்தி வைக்கத்தான் அது. குழந்தைகள் அதைப் பிடுங்கிக்கொண்டு விளையாட ஆரம்பித்துவிட்டார்கள். ஸ்டைஃப் பொம்மைகள் உலகம் முழுக்கப் போனதற்கு அந்த யானைதான் பிள்ளையார் சுழி. கைக்குழந்தையாக இருந்தபோதே போலியோ தாக்கி, நடக்க முடியாமல், வலது கையும் சரியாக வழங்காமல் இருந்தவர் அவர். எனக்குத் தையல் வராது என்று யாராவது தயங்கினால் நான் அவரைத்தான் நினைவுபடுத்துவேன்.

துணியும் பஞ்சும்

இழுத்தால் நீளாத, நெருக்கமாக நெய்த பருத்தித் துணி வேண்டும். பனியன் துணி முதல் பொம்மைக்கு வேண்டாம். பஞ்சு திணிக்கத் திணிக்க அது நீண்டுகொண்டே போய், யானை பூசணிக்காய் மாதிரி ஆகிவிடும். ஜீன்ஸ் துணியில் நாலு மடிப்பு சேரும் இடத்தில் ஊசி இறங்காது. எனக்குப் பிடித்தது சென்னிமலை பெட்ஷீட். கையில் எடுத்தால் கனமாக இருக்கும், நெசவு நெருக்கம், இரண்டு வருடம் துவைத்த பிறகும் நூல் நைந்திருக்காது. ஓரம் கிழிந்து ஒதுக்கிய பெட்ஷீட் ஒன்று வீட்டில் இருந்தால் நடுப்பகுதியைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். கடையில் வாங்குவதானால் உள்பாவாடைக்கு எடுக்கும் பாப்ளின் துணி அரை மீட்டர் போதும்.

பழைய துணி தாங்குமா என்று பார்க்க ஒரு சோதனை. துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். சில இடங்கள் மட்டும் பளிச்சென்று தெரிந்தால் அங்கே நைந்திருக்கிறது என்று அர்த்தம். அடுத்து, இரண்டு கட்டைவிரலையும் ஒட்டி வைத்துத் துணியைப் பிடித்துச் சடக்கென்று இழுங்கள். இழை விலகினாலோ கிழிகிற சத்தம் கேட்டாலோ அந்தத் துணி வேண்டாம்.

அம்மாவின் சேலை, தாத்தாவின் சட்டை என்று ஞாபகத்துக்காக வைத்திருக்கும் மெல்லிய துணியில்தான் தைக்க வேண்டும் என்றால், ஜாக்கெட்டுக்கு வைக்கும் காட்டன் லைனிங் துணியை அடியில் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒன்றாக அயர்ன் செய்து, வெட்டிய பிறகு ஓரம் முழுக்க நீள நீளமாக ஒரு ஓட்டத் தையல் (ஊசியை மேலும் கீழுமாக நேரே ஓட்டிக்கொண்டு போவது) போட்டால் இரண்டும் ஒரே துணி மாதிரி ஆகிவிடும். இழுவையை லைனிங் தாங்கிக்கொள்ளும். அம்மிச்சி சேலையில் மிச்சமிருந்ததை நான் இப்படித்தான் காதின் உள்பக்கத்துக்கு வைத்துத் தைத்தேன். காதுக்குள் பஞ்சு இல்லை என்பதால் அங்கே இழுவையும் குறைவு. பிள்ளை தூங்கப் போகும்போது அந்த இடத்தைத்தான் விரலால் தடவிக்கொண்டு படுப்பாள்.

புதுத் துணியானால் வெட்டுவதற்கு முன்னால் ஒருமுறை தண்ணீரில் அலசிக் காயப்போட்டு அயர்ன் செய்யுங்கள். பருத்தி முதல் அலசலில் சுருங்கும். பொம்மையாகத் தைத்தபின் சுருங்கினால் தையல் முழுக்கச் சுருக்கம் விழும். சாயம் போகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். ஈரத் துணிமேல் வெள்ளைக் கைக்குட்டையை அழுத்தித் தேயுங்கள். கைக்குட்டையில் நிறம் ஏறினால் அந்தத் துணி குழந்தை வாய்க்குப் போகக் கூடாது.

பஞ்சைப் பொறுத்தவரை, மெத்தைக் கடையில் ரெக்ரான் என்று கேட்டால் கொடுப்பார்கள். பாலியஸ்டர் இழை. துவைக்கலாம், சீக்கிரம் காயும், அழுத்தினால் மறுபடி எழும்பி வரும். இந்த அளவு யானைக்கு 200 கிராம் வாங்கினால் கொஞ்சம் மிஞ்சும். இலவம்பஞ்சு நம் ஊர்ப் பொருள். போடிப் பக்கத்திலிருந்து வருகிற இலவம்பஞ்சுத் தலையணையில் படுத்து வளர்ந்தவள் நான், அதன்மேல் எனக்குத் தனிப் பாசமே உண்டு. ஆனால் துவைத்தால் கட்டி கட்டியாகி உள்ளேயே உருண்டுவிடும். திணிக்கும்போது பறக்கிற பொடி மூக்கிலும் ஏறும். அலமாரியில் வைக்கும் அழகு யானைக்கு இலவம்பஞ்சு சரி, குழந்தை வாயில் வைக்கும் யானைக்கு ரெக்ரான்தான். துணி வெட்டும்போது விழும் துண்டுகளைத் திணித்தால் பொம்மை கல் மாதிரி கனக்கும். தெர்மோகோல் மணிகளைத் தொடவே வேண்டாம். தையல் ஒரு இடத்தில் விட்டால் அவ்வளவும் கொட்டி, மூக்கிலும் தொண்டையிலும் போய்விடும்.

மற்றபடி, துணி நிறத்தில் பாலியஸ்டர் தையல் நூல், 7 அல்லது 8ஆம் நம்பர் கை ஊசி, கண்ணுக்குக் கறுப்பு எம்ப்ராய்டரி நூல், வாலுக்குக் கொஞ்சம் உல்லன் நூல், கத்தரிக்கோல், சாக், முனை சீவாத பென்சில் ஒன்று. விரல் நுனியில் மாட்டும் அங்குஸ்தான் இருந்தால் விரல் தப்பிக்கும். குண்டூசி சரியாக 20 எடுத்து ஒரு கிண்ணத்தில் போடுங்கள், தலையில் கலர் மணி வைத்த குண்டூசி. பஞ்சு திணிக்கும் முன்னால் எண்ணிப் பாருங்கள். கண் வைக்கிற இடம் பார்க்க மறுபடி இரண்டு எடுக்க வேண்டியிருக்கும், எல்லாம் முடிந்த பிறகு இன்னொரு முறை எண்ணுங்கள். ஒன்று குறைந்தாலும் அது கிடைக்கும்வரை பொம்மையைக் குழந்தையிடம் கொடுக்காதீர்கள்.

வரைவது

காலண்டர் தாளின் பின்பக்கம் இதற்கு அருமையானது. 10 இஞ்ச் அகலம், 8 இஞ்ச் உயரத்தில் ஒரு கட்டம் போடுங்கள். அதற்குள் பக்கவாட்டில் நிற்கிற யானையை வரைய வேண்டும், இடது பக்கம் பார்த்தபடி. இடது ஓரத்தில் தும்பிக்கை, ஒன்றேமுக்கால் இஞ்ச் அகலம். அதைவிடக் குறைத்தால் தைத்த பிறகு திருப்பவே முடியாது. அடுத்து ஒரு இஞ்ச் இடைவெளி, பிறகு இரண்டரை இஞ்ச் அகலத்தில் முன்னங்கால், இரண்டு இஞ்ச் இடைவெளி, அதே இரண்டரை இஞ்ச்சில் பின்னங்கால். கால்களின் உயரம் 3 இஞ்ச். தும்பிக்கை நுனி தரையைத் தொட வேண்டாம், ஒன்றரை இஞ்ச் மேலேயே நிற்கட்டும். நெற்றியும் முதுகும் ஒரே சீரான வளைவாகப் போய்ப் பின்னால் இறங்கட்டும்.

வளைவெல்லாம் பெரிதாக, சோம்பலாக இருக்க வேண்டும். குறிப்பாகத் தும்பிக்கைக்கும் நெஞ்சுக்கும் நடுவிலுள்ள இடுக்கு. அதைக் கூராக வரையாமல், கட்டைவிரல் நுழைகிற அளவு உருண்டையாக வரையுங்கள். குழந்தை தும்பிக்கையைப் பிடித்துத் தூக்கும்போது யானையின் மொத்தக் கனமும் வந்து தொங்குகிற இடம் அதுதான். கூரான மூலையில் துணி சீக்கிரம் கிழியும்.

இனி வயிற்றுத் துண்டு. இது இல்லாமல் இரண்டு பக்கத்தை மட்டும் சேர்த்துத் தைத்தால் யானை அப்பளம் மாதிரி தட்டையாக இருக்கும், நிற்காது. தரையிலிருந்து நாலரை இஞ்ச் உயரத்தில், நெஞ்சு ஓரத்தில் ஒரு புள்ளி வையுங்கள், அதற்கு "அ" என்று பெயர். அதே உயரத்தில் பின்பக்க ஓரத்தில் "ஆ". இரண்டையும் ஒரு கோட்டால் இணையுங்கள், ஆனால் நேர்க்கோடாக வேண்டாம், நடுவில் அரை இஞ்ச் கீழே தொய்வாக வரட்டும். அந்தத் தொய்வு வயிற்றைக் கொஞ்சம் ஒடுக்கி, கால்கள் அகலாமல் பிடித்துக்கொள்ளும். இந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கும் பகுதியை, இரண்டு கால்களோடு சேர்த்து, இன்னொரு தாளில் அப்படியே நகல் எடுங்கள். அதுதான் வயிற்றுத் துண்டு. முழு யானையும் இருக்கிற முதல் தாள் பக்கத் துண்டு.

காது தனி. மூன்றரை இஞ்ச் உயரம், 3 இஞ்ச் அகலம், ஒரு பக்கம் நேராக, மற்ற பக்கம் உருண்டையாக. நம் ஊர் யானைக்கு ஆப்பிரிக்க யானையைவிடக் காது சின்னது, அதனால் ரொம்பப் பெரிதாக்க வேண்டாம்.

வெட்டுவது

துணியின் கெட்ட பக்கத்தில், அதாவது தைத்த பிறகு உள்ளே போகிற பக்கத்தில், தாளை வைத்துச் சாக்கால் சுற்றி வரையுங்கள். இந்தக் கோடுதான் தையல் கோடு. வெட்டும்போது அதற்கு வெளியே கால் இஞ்ச் விட்டு வெட்ட வேண்டும். யானையின் கால், துணியின் நீளவாக்கில் போகும் நெட்டு இழை ஓடும் திசையில் இருக்கட்டும். துணியைக் கிராஸாக வைத்து வெட்டினால் கால்கள் நீண்டு ஒரு பக்கம் முறுக்கிக்கொள்ளும்.

பக்கத் துண்டு 2, வயிற்றுத் துண்டு 2, காதுக்கு வெளித்துணி 2, உள்துணி 2. எல்லாவற்றிலும் ஒன்றை வரைந்த பிறகு தாளைக் கவிழ்த்துப் போட்டு மற்றதை வரையுங்கள். ஜாக்கெட்டுக்கு இடது கை, வலது கை இருப்பது மாதிரி யானைக்கும் இடது பக்கம், வலது பக்கம் உண்டு. இதை மறந்தால் இரண்டு பக்கமும் ஒரே திசையைப் பார்த்து நிற்கும், மறுபடி துணி வெட்ட வேண்டி வரும். "அ", "ஆ" புள்ளிகளை எல்லாத் துண்டிலும் சாக்கால் குறித்துவையுங்கள்.

தைப்பது

மெஷின் இருந்தால் 14ஆம் நம்பர் ஊசி போட்டு, தையலைப் பொடியாக, 2 மில்லிமீட்டருக்கு வைத்துக்கொள்ளுங்கள். மெஷின் இல்லை என்றால் ஒன்றும் குறைவில்லை. நான் இன்னும் பொம்மையைக் கையால்தான் தைக்கிறேன். வளைவுகளில் கைதான் சொன்னபடி கேட்கும்.

கையால் தைப்பதற்குப் பின் தையல் ஒன்று தெரிந்தால் போதும். ஊசியை மேலே எடுத்து, ஒரு தையல் அளவு பின்னால் போய்க் குத்தி, அடியில் இரண்டு தையல் அளவு முன்னால் வந்து மேலே எடுக்க வேண்டும். ஒவ்வொரு தையலும் முந்தைய தையலின் முனையைத் தொட்டுக்கொண்டிருக்கும். ஓட்டத் தையலில் ஒரு இடத்தில் நூல் அறுந்தால் வரிசையாக உருவிக்கொண்டு வரும், பின் தையலில் அந்த ஒரு தையலோடு நின்றுவிடும். ஒரு இஞ்ச்சுக்கு 10 தையல் விழுந்தால் பஞ்சு வெளியே தெரியாது. நூல் ஒற்றையாக, ஒரு முழத்துக்கு மேல் வேண்டாம். அடிக்கடி கோக்க வேண்டாமே என்று நீளமாக எடுத்தால் முடிச்சு விழுந்து, அதை அவிழ்க்கிற நேரத்தில் நாலு தடவை ஊசி கோத்துவிடலாம்.

முதலில் காது. வெளித்துணியும் உள்துணியும் நல்ல பக்கம் உள்ளே பார்க்க வைத்து, உருண்டை ஓரம் மட்டும் தைத்துத் திருப்பி, அயர்ன் செய்து ஒதுக்கிவிடுங்கள். சின்ன வேலை, கையும் பழகும். வாலுக்கு உல்லன் நூலை மூன்று பிரியாகப் பின்னி, நுனியில் முடிச்சுப் போட்டு, குஞ்சம் விடுங்கள். பின்னல் இரண்டரை இஞ்ச்சுக்கு மேல் போக வேண்டாம். நீளமான கயிறு குழந்தை விரலில் சுற்றிக்கொள்ளும்.

அடுத்து இரண்டு வயிற்றுத் துண்டுகளையும் நல்ல பக்கம் உள்ளே பார்க்க ஒன்றின்மேல் ஒன்று வைத்து, "அ"விலிருந்து "ஆ" வரைக்கும் உள்ள மேல் ஓரத்தைத் தையுங்கள். முழுக்க வேண்டாம். "அ" பக்கம் 2 இஞ்ச், "ஆ" பக்கம் 2 இஞ்ச் தைத்து, நடுவில் 3 இஞ்ச் திறந்து விடுங்கள். யானையைத் திருப்புவதும் பஞ்சு போடுவதும் அந்த வழியாகத்தான். திறப்பின் இரு முனையிலும் இரண்டு மூன்று தடவை ஒரே இடத்தில் கெட்டியாகத் தையுங்கள். திருப்பும்போது அங்கேதான் பிரியும்.

இப்போது ஒரு பக்கத் துண்டை விரித்து, அதன்மேல் ஒரு வயிற்றுத் துண்டை, நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்க வைத்துக் குண்டூசி குத்துங்கள். "அ"வில் தொடங்கி முன்னங்காலைச் சுற்றி, வயிற்றோரம் போய், பின்னங்காலைச் சுற்றி "ஆ"வில் முடியுங்கள். மற்றப் பக்கமும் அப்படியே.

மிச்சமிருப்பது மேல் பக்கம். "அ"வில் தொடங்கி, இடுக்கு, தும்பிக்கை, நெற்றி, முதுகு என்று சுற்றி வந்து "ஆ"வில் முடிய வேண்டும். "ஆ"வுக்கு ஒரு இஞ்ச் மேலே வாலை உள்பக்கமாக நுழைத்து, பின்னலின் மொட்டை முனை துணி ஓரத்தோடு சேர்ந்து தையலில் மாட்டும்படி வையுங்கள். குஞ்சம் யானைக்குள் இருக்கும், திருப்பியதும் வெளியே வந்துவிடும். அந்த இடத்தை மூன்று முறை தையுங்கள்.

"அ" புள்ளியில் நாலு துண்டும் சந்திக்கின்றன. அங்கே அவசரப்படாதீர்கள். தையல் விளிம்புகளை விரலால் இரண்டு பக்கமும் பிரித்துப் பிடித்துக்கொண்டு, ஊசி சரியாகப் புள்ளியில் இறங்கி ஏறுகிறதா என்று ஒவ்வொரு தையலையும் பாருங்கள். ஒரு நூல் தள்ளினாலும் அந்த இடத்தில் பொத்தல் விழும். பிறகு இடுக்கில் போட்ட தையலின்மேலேயே இன்னொரு வரிசை போடுங்கள். இந்த இரட்டை வரிசையை நான் எந்தப் பொம்மைக்கும் விட்டதில்லை.

திருப்புவதற்கு முன்னால்

வளைவுகளில் துணியை வெட்டிவிட வேண்டும். உள்ளே குழிந்த வளைவில், அதாவது இடுக்கிலும் கால்களுக்கு நடுவிலும், அரை இஞ்ச்சுக்கு ஒரு வெட்டு. வெளியே புடைத்த வளைவில், நெற்றியிலும் தும்பிக்கை நுனியிலும் பாத மூலையிலும், சின்ன முக்கோணமாக எடுத்துவிடுங்கள். கத்தரியின் முனை தையலுக்கு ஒரு நூல் முன்னாலேயே நிற்க வேண்டும். இதைச் செய்யாவிட்டால் திருப்பியதும் தும்பிக்கை முழுக்கச் சுருக்கமாகி, இடுக்கு இறுகிப் போய் நிற்கும்.

வயிற்றுத் திறப்பு வழியாகத் திருப்புங்கள். தும்பிக்கை கடைசியில் வரும். பென்சிலின் மழுங்கிய முனையால் உள்ளிருந்து மெதுவாகத் தள்ளுங்கள். கத்தரிக்கோல் முனையை மட்டும் உள்ளே விடாதீர்கள், ஒரே தள்ளில் துணியைத் துளைத்துவிடும். திருப்பியதும் வெளிச்சத்தில் பிடித்துத் தையலை இரண்டு பக்கமும் இழுத்துப் பாருங்கள். எங்காவது பல்லிளித்தால் மறுபடி உள்பக்கம் திருப்பித் தைத்துவிட்டு வாருங்கள். பஞ்சு போட்ட பிறகு சரிசெய்ய முடியாது.

திணிப்பது

தையலுக்கு எடுத்துக்கொண்ட நேரத்தில் பாதியையாவது இதற்குக் கொடுங்கள். கடைப் பொம்மைக்கும் கைப்பொம்மைக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் தெரியும்.

பஞ்சை முதலில் கையால் பிய்த்துப் பிய்த்துப் புகை மாதிரி ஆக்குங்கள். கட்டியாகப் போட்டால் வெளியே மேடும் பள்ளமுமாகத் தெரியும். தும்பிக்கையிலிருந்து ஆரம்பியுங்கள். நெல்லிக்காய் அளவு பஞ்சை எடுத்து நுனிவரை பென்சிலால் தள்ளுங்கள், அடுத்ததை அதன்மேல் வைத்து அழுத்துங்கள். ஒன்றோடொன்று கோத்துக்கொள்ள வேண்டும், நடுவில் காலி இடம் விடக் கூடாது. உடம்பை முதலில் நிரப்பிவிட்டுத் தும்பிக்கைக்கு வந்தால் பென்சில் நுழைய வழியிருக்காது. தும்பிக்கை நடுவில் ஒடிந்து தொங்கும், நாள் போகப் போக அது ஒரு மடிப்பாகவே ஆகிவிடும்.

தும்பிக்கைக்கு அடுத்து நாலு கால்கள். பாதம் கெட்டியாக இருந்தால்தான் யானை நிற்கும். பிறகு தலை, தலையும் உடம்பும் சேருகிற இடம், முதுகு, கடைசியில் வயிறு. தலை சேருமிடத்தில் பஞ்சு குறைந்தால் ஒரே வாரத்தில் தலை தொங்கிப்போகும். நிரம்பிவிட்டது என்று தோன்றிய பிறகும் இரண்டு கைப்பிடி போகும். விளையாட விளையாடப் பஞ்சு அமுங்கும். கட்டைவிரலால் அழுத்தி விட்டுப் பாருங்கள். பள்ளம் உடனே எழும்பினால் சரி, விரல் அச்சு நின்றால் இன்னும் வேண்டும்.

திறப்பை மூடுவதற்கு நூலை இரட்டையாக எடுங்கள். இரண்டு ஓரத்தையும் கால் இஞ்ச் உள்ளே மடித்துக்கொண்டு, ஒரு பக்க மடிப்புக்குள்ளேயே ஊசியைச் சின்னதாக ஓட்டி வெளியே எடுத்து, நேர் எதிரே உள்ள மடிப்பில் நுழைத்து ஓட்டுங்கள். இப்படி மாறி மாறிப் போகும்போது நடுவில் நூல் ஏணிப்படி மாதிரி தெரியும். அஞ்சாறு படி ஆனதும் நூலை இழுத்தால் படிகள் மறைந்து இரண்டு ஓரமும் ஒட்டிக்கொள்ளும். பார்த்தால் எங்கே மூடினோம் என்று நமக்கே தெரியாது. முடிச்சுப் போட்டபின் ஊசியை உடம்புக்குள் விட்டு இரண்டு இஞ்ச் தள்ளி எடுத்து, நூலை இழுத்துப் பிடித்து வெட்டுங்கள். மிச்ச நூல் உள்ளே போய் ஒளிந்துகொள்ளும்.

காதும் கண்ணும்

காதின் திறந்த ஓரத்தை உள்ளே மடித்து, தலையில் வைத்து, அதே ஏணித் தையலால் முன்பக்கம் ஒரு வரிசை, பின்பக்கம் ஒரு வரிசை தையுங்கள். ஒரு வரிசையோடு விட்டால் பிள்ளை பல்லால் கடித்து இழுக்கும்போது நெம்பிக்கொண்டு வரும். தைத்து முடித்துக் காதைப் பிடித்து யானையைத் தூக்கி உதறிப் பாருங்கள். நாம் உதறுவதைவிடக் குழந்தை பலமாகவே உதறும்.

கண்ணுக்குப் பட்டன் வேண்டாம். மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளின் பொம்மையில் பட்டன், மணி, ஒட்டுகிற பிளாஸ்டிக் கண் எதுவுமே கூடாது. எல்லாம் பிய்ந்து தொண்டையில் சிக்கும் பொருள்கள். நூலால் எம்ப்ராய்டரி செய்த கண் என்றைக்கும் கழன்று வராது. தைப்பதற்கு முன்னால் இரண்டு கலர் குண்டூசிகளைக் கண் மாதிரி குத்தி, கை நீட்டித் தள்ளி வைத்துப் பாருங்கள். அரை இஞ்ச் மேலே ஏற்றினால் வயசான யானை, தும்பிக்கை தொடங்கும் இடத்துக்குப் பக்கத்தில் இறக்கினால் குட்டி யானை. எனக்குக் குட்டிதான் பிடிக்கும். இடம் முடிவானதும் சாக்கால் குறித்துவிட்டுக் குண்டூசிகளைக் கிண்ணத்தில் போட்டுவிடுங்கள். எம்ப்ராய்டரி நூலில் உள்ள ஆறு இழையில் மூன்றைப் பிரித்து எடுத்து, காதின் அடியில் ஊசியை நுழைத்துக் கண்ணில் வெளியே எடுங்கள். முடிச்சு காதுக்குப் பின்னால் மறைந்துவிடும். பக்கத்தில் பக்கத்தில் நெருக்கமாகத் தையல் போட்டுப் பாதாம் பருப்பு மாதிரி நிரப்புங்கள். மேல் ஓரத்தில் வெள்ளை நூலால் ஒரே ஒரு பொட்டு. அது வைத்தவுடனே யானை நம்மைப் பார்க்க ஆரம்பிக்கும்.

கொடுத்த பிறகு

ஒரு வயது ஆகாத குழந்தை தூங்கும் தொட்டிலிலோ படுக்கையிலோ எந்த மெத்தென்ற பொம்மையையும் வைக்கக் கூடாது, இந்த யானையையும்தான். முகத்தின்மேல் விழுந்தால் தள்ளிவிட அதற்குத் தெரியாது. விழித்திருக்கும்போது, பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும்போது கொடுங்கள்.

மாதம் ஒருமுறை சோப்புத் தண்ணீரில் கையால் அலசி, முறுக்காமல் ஒரு டவலில் சுற்றி அழுத்தித் தண்ணீரை எடுத்து, நல்ல வெயிலில் காயப்போடுங்கள். காதைப் பிடித்துக் கொடியில் மாட்ட வேண்டாம், கட்டிலிலோ முறத்திலோ படுக்கவைத்துத் திருப்பித் திருப்பிக் காய வையுங்கள். வெளியே காய்ந்த மாதிரி இருந்தாலும் உள்ளே ஈரம் நின்றால் நாற்றம் வரும், இரண்டு நாள் வெயில் கொடுப்பது நல்லது. ஒவ்வொரு முறை அலசும்போதும் இடுக்கு, காது, வால் மூன்றையும் இழுத்துப் பாருங்கள்.

சொந்தக்காரர் பிள்ளைகளுக்குத் தைத்துக் கொடுத்து, அக்கம்பக்கத்தில் கேட்க ஆரம்பித்து, விற்கலாமே என்று தோன்றினால் ஒரு விஷயம். 14 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கான பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம் என்ற விதி 2021 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. மத்திய அரசின் கைவினைப் பிரிவில் பதிவுசெய்த கைவினைஞர்கள் செய்யும் பொம்மைகளுக்கு விலக்கு உண்டு. காசு வாங்குவதற்கு முன்னால் அதை விசாரித்துக்கொள்ளுங்கள்.

வரைந்த காலண்டர் தாளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். முதல் யானையில் எங்கே இடித்தது, தும்பிக்கையை எவ்வளவு அகலப்படுத்த வேண்டும் என்பதை அதன்மேலேயே பேனாவால் எழுதி, ஒரு கவரில் போட்டு, கூடவே அந்தத் துணியில் கையளவு ஒரு துண்டும் வைத்துவிடுங்கள். பின்னால் ஒட்டுப் போட வேண்டி வந்தால் அதே துணி வேண்டும்.